கொழுப்பற்ற உணவு இல்லீங்க, கொழுப்பு குறைச்ச சாப்பாடு

"கொழுப்பற்ற உணவை உட்கொள்ளவும்"னு ஒரு ஆஸ்பத்திரி துண்டுல மறுபடியும் பாத்துட்டேன். பித்தப்பையில கல்லுன்னு ஸ்கேன்ல கண்டு, ஒப்பரேஷனுக்கு திகதி போட்டு வீட்டுக்கு அனுப்புறப்ப கையில குடுக்குற துண்டு அது. ஒரே தாள்ல மூணு மொழி. இங்கிலீஷ்ல லோ ஃபெட் டயட்னு இருக்கு. சிங்களத்துல மேத அடு, அதாவது கொழுப்பு குறைவு. தமிழுக்கு வந்ததும் "அற்ற"ன்னு ஆகிப்போச்சு. குறைவுங்கிறது எங்க, இல்லவே இல்லைங்கிறது எங்க? ஒரே வருத்தத்துக்கு மத்த ரெண்டு மொழிக்காரங்களுக்கு ஒரு சாப்பாடு, நமக்கு மட்டும் வேற சாப்பாடா?

சொல்லோட கதைய சுருக்கமா சொல்லிடுறேன். கொழுப்பு, கொழுங்கிற வினையில இருந்து வந்தது. கொழுத்தல்னா செழிக்கிறது, தடிக்கிறது. கொழுகொழுன்னு பிள்ளைய சொல்றது, கொழுத்த ஆடுன்னு சொல்றது, வாய் நீண்டவன பாத்து கொழுப்பு கூடிப்போச்சுன்னு சொல்றது எல்லாம் அதே வேர்தான். நிணம்னு ஒரு பழைய சொல் இருக்கு, அது இறைச்சியில ஒட்டியிருக்குற கொழுப்பு. நெய் அதவிட அகலமான சொல்லு, எள்ளும் நெய்யும் சேந்து எண்ணெய், வெள்ளும் நெய்யும் சேந்து வெண்ணெய். டயட்டுக்கு கிரேக்கத்துல டயைட்டான்னு மூலம், வாழுற முறைன்னு அர்த்தம். பத்தியம் வடமொழி பத்யாவுல இருந்து வந்தது, வழிக்கு ஏத்தது, உடம்புக்கு ஒத்தது. வேர் தோண்டுறது இவ்வளவு போதும், ஏன்னா தப்பு நடக்குறது வேர்ல இல்ல, குறைவுங்கிற சின்ன சொல்ல எப்படி தமிழாக்குறதுங்கிறதுலதான்.

மொதல்ல "அற்ற". உணவு லேபிளுக்கு கோடெக்ஸ்னு சர்வதேச விதித்தொகுப்பு ஒண்ணு இருக்கு. அதுல 100 கிராமுக்கு 0.5 கிராமுக்கு மேல கொழுப்பு இல்லாட்டித்தான் கொழுப்பற்றதுன்னு போடலாம், திண்மமான சாப்பாட்டுல 100 கிராமுக்கு 3 கிராம் வரைக்கும் இருந்தா கொழுப்பு குறைஞ்சதுன்னு போடலாம். ஆறு மடங்கு வித்தியாசம். பால்மா பெட்டிக்கே ரெண்டும் வேற வேறன்னா, நோயாளிக்கு குடுக்குற தாள்ல எப்படி ஒண்ணாகும்?

கொழுப்ப ஏன் குறைக்க சொல்றாங்கன்னு தெரிஞ்சா "அற்ற" எவ்வளவு பெரிய பிழைன்னு விளங்கும். ஈரல் பித்தத்த சுரக்குது, பித்தப்பை அத சேத்து வச்சிருக்குது. கொழுப்பு சிறுகுடலோட முதல் பாகத்துக்கு வந்ததும் ஒரு ஹோர்மோன் கிளம்பி பித்தப்பைய சுருங்க சொல்லும். உள்ள கல்லு இருந்து, அது வாய அடைச்சுக்கிட்டா, அந்த சுருக்கம்தான் வலது விலாவுக்கு கீழ உயிர் போற வலியா வருது. அதனாலதான் ஒரே நேரத்துல நெறைய கொழுப்பு போகக்கூடாது. சதையி, அதாவது இந்தியாவுல கணையம்னு சொல்றது, அதுல நோய் வந்து கொழுப்ப கரைக்கிற நொதியம் பத்தாம போனா, சாப்பிட்ட கொழுப்பு செமிக்காம மலம் எண்ணெய்ப் பசையோட மிதக்கும், அவங்களுக்கும் சில நேரம் டொக்டர் குறைக்க சொல்லுவாங்க. குடல் வருத்தத்துக்கு குறைக்க சொல்லும்போது பொதுவா சொல்ற அளவு நாளைக்கு 50 கிராமுக்குள்ள, ஆளுக்கு ஆள் டொக்டர் கூட்டி குறைப்பாரு. கவனிங்க, 50, பூச்சியம் இல்ல. ஏ, டீ, ஈ, கேன்னு நாலு விற்றமின் உடம்புல சேர கொழுப்பு வேணும். அதோட, கொழுப்பே இல்லாம சாப்பிட்டு வேகமா மெலிஞ்சா பித்தப்பை சுருங்காம பித்தம் தேங்கி, கல்லு வர்ற வாய்ப்பு கூடும். கல்லுக்கு குடுத்த தாளே கல்லுக்கு வழி காட்டுனா என்ன செய்றது?

எங்க லயத்துல ஒரு அக்கா, மலைக்கு போய் கொழுந்து எடுக்குறவங்க, இந்த துண்ட கிளினிக் கொப்பிக்குள்ள மடிச்சு வச்சு சொன்னத சொன்னபடி செஞ்சாங்க. ரொட்டியில தேங்காப்பூ இல்ல, கறியில தாளிப்பு இல்ல, சோறும் அவிச்ச கீரையும் உப்பும், காலையில வெறுந்தேத்தண்ணி. அப்படியே கூடைய தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறுனா என்ன ஆகும்? கண்ணு இருட்டுது, உடம்பு உருகுதுன்னு டிஸ்பென்சரிக்கு போனாங்க, அங்கதான் "யாரு உங்கள ஒண்ணுமே சேக்க வேணாம்னு சொன்னது"ன்னு கேட்டிருக்காங்க. அக்கா கொப்பிய விரிச்சு அந்த துண்ட எடுத்து காட்டுனாங்க. தமிழ் வாசிக்க தெரிஞ்சவங்க, எழுதியிருந்தத சரியாத்தான் வாசிச்சிருக்காங்க. பிழை எழுதுனவர் கையில.

இப்ப இந்த "அற்ற"வ திருத்த வர்றேன்னு இன்னொரு கூட்டம் "தாழ் கொழுப்பு உணவு"ன்னு எழுதுது. இதுதான் எனக்கு அதவிட கோவம். லோன்னா தாழ், ஹைன்னா உயர், எங்க கண்டாலும் அப்படியே போட்டுடுறது. தாழுங்கிறது இடத்துக்கும் நிலைக்கும் வர்ற சொல்லு. தாழ்வாரம், தாழ்நிலம், தாழ்வான கிளை. அளவுக்கு தமிழ்ல குறைவுன்னு ஒரு சொல் இருக்கு, எந்த பச்சைப்பிள்ளையும் சொல்லும், "சீனி குறைவா போடும்மா"ன்னு. யாராவது "தாழ் சீனி தேத்தண்ணி குடு"ன்னு கேட்டிருக்காங்களா? தாழ் கொழுப்புன்னு வாசிக்கிறப்ப வங்காள விரிகுடாவுல தாழமுக்கம்னு ரேடியோவுல சொல்ற மாதிரி இருக்கு, சாப்பாட்டு பேச்சு மாதிரி இல்ல. அமுக்கத்துக்கு அது பொருந்தும், ஏத்த இறக்கம் உள்ள ஒண்ணு அது. சட்டியில ஊத்துற எண்ணெய்க்கு எப்படி பொருந்தும்?

காதுக்கு நல்லா இல்லைங்கிறதோட முடிஞ்சா பரவாயில்ல, அர்த்தமும் கெட்டுப்போகுது. இரத்த பரிசோதனை ரிப்போட்டுல எல்டீஎல்னு ஒண்ணு வருமே, அத தமிழாக்குறவங்க தாழ் அடர்த்தி கொழுப்புப்புரதம்னு எழுதுறாங்க, கெட்ட கொழுப்புன்னு கிளினிக்ல சொல்றது அதைத்தான். அப்ப தாழ் கொழுப்பு உணவுன்னா கெட்ட கொழுப்பு உள்ள சாப்பாடா, இல்ல கெட்ட கொழுப்புக்கான சாப்பாடா? ரெண்டுமே இல்ல. ஒரு நோயாளிக்கு ரெண்டு தாளும் ஒரே நேரத்துல கையில இருந்தா அவர் என்னன்னு புரிஞ்சுக்குவாரு?

மூணாவதா ஒண்ணு திரியுது, "கொழுப்பைக் குறைக்கும் உணவு". இதுக்கு அர்த்தம் தின்னா உடம்பு கொழுப்பு கரையும்னு. பித்தப்பை வருத்தக்காரர் இத போன்ல தேடுனா உள்ளிய தின்னு, கொள்ளு தண்ணிய குடி, வயிறு உள்ள போகும்னுதான் வரும். குறைக்குங்கிறதுக்கும் குறைச்சங்கிறதுக்கும் ஒரு விகுதி வித்தியாசம், ஆனா ஒண்ணுல சாப்பாடு வேலை செய்யுது, இன்னொண்ணுல சமைக்கிறவங்க வேலை செய்றாங்க.

இன்னொரு சிக்கல் கொழுப்புங்கிற சொல்லுக்குள்ளயே இருக்கு, அத யாரும் கவனிக்கிறதில்ல. நம்ம பேச்சுல "எனக்கு கொழுப்பு இருக்கு"ன்னு சொன்னா கொலஸ்ட்ரோல் கூடியிருக்குன்னு அர்த்தம். அதனால கொழுப்ப குறைங்கன்னு சொன்னதும் சனம் முட்டை மஞ்சள் கருவ தள்ளி வைக்குது, எறச்சிய நிப்பாட்டுது, எண்ணெய் போத்தல்ல கொலஸ்ட்ரோல் இல்லைன்னு போட்டிருக்கிறத பாத்துட்டு தாராளமா ஊத்துது. மரக்கறி எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுலயும் கொலஸ்ட்ரோல் இல்லதான், அது மிருகத்துல இருந்து வர்றதுல மட்டும் இருக்குறது, ஆனா எண்ணெய் முழுக்க முழுக்க கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டிக்கு கிட்டத்தட்ட 14 கிராம். ஒரு முழு முட்டையில 5 கிராம்தான். முட்டைய விட்டுட்டு எண்ணெய்ல பொரிச்ச வடைய தின்னவர் ராத்திரி வலியில துடிக்கிறாருன்னா அதுக்கு ஒரு காரணம் இந்த சொல்லு. தேங்காயும் அப்படித்தான், தேங்காப் பருப்புல மூணுல ஒரு பங்கு கொழுப்பு. கச்சானுல, அதாவது நிலக்கடலையில, பாதி.

அப்ப என்ன எழுதலாம்? "எண்ணெயும் கொழுப்பும் குறைச்ச சாப்பாடு". எழுத்துத் தமிழ் வேணும்னா "எண்ணெய், கொழுப்பு குறைத்த உணவு". எண்ணெய்னு சேத்து சொன்னாத்தான் கொலஸ்ட்ரோல் நெனப்பு வராது, எண்ணெய்னு மட்டும் சொன்னா தேங்காப்பால், மாஜரின், முழு ஆடைப் பால்மா, கச்சான் எல்லாம் தப்பிச்சிடும், அதனால ரெண்டும் வேணும். குறைந்தங்கிறதவிட குறைத்த நல்லது, அது இயல்பாவே குறைவா இருக்குறது, இது நாம கை வச்சு குறைக்கிறது, தாள் சொல்ல வேண்டியது அதைத்தான்.

நாள் முழுக்க கடைப்பிடிக்கிற முறைக்கு ஒரு சொல் வேணும்னா எனக்கு பத்தியம்தான். தனித்தமிழ் பேசுறவங்க உடனே வருவாங்க, வடமொழி, உணவுத்திட்டம்னு சொல்லுங்கன்னு. அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு, வேண்டாத வடசொல்ல நானும் விலக்குறவன்தான். ஆனா உணவுத்திட்டம்னா பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு சோறு குடுக்குறதுதான் ஞாபகம் வருது. டயட்டுன்னா மெலியிறது. பத்தியம்னு சொன்னா மட்டும்தான் நோய்க்காக, மருந்தோட சேந்து, கொஞ்ச நாளைக்கு வாய கட்டுறதுன்னு எங்க ஆச்சிமாருக்கும் புரியும். உப்பில்லாப் பத்தியம்னு நாட்டு வைத்தியத்துல ஏற்கனவே இருக்கு, எத விலக்குறமோ அத முன்னால வச்சு சொல்றது. அந்த அச்சுலயே எண்ணெய் குறைச்ச பத்தியம்னு சொன்னா பேச்சுக்கு போதும்.

மொழிபெயர்க்கிறவங்கள பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். 1987ல இலங்கை அரசியலமைப்போட 13ஆம் திருத்தத்துல தமிழும் அரசகரும மொழின்னு ஆச்சு, அதனாலதான் தாள்ல நமக்குன்னு ஒரு பத்தி வந்துச்சு. அந்த பத்திய வார்த்தைக்கு வார்த்தை அகராதி பாத்து ரொப்புறாங்க. பாடப்புத்தகத்துல இலிப்பிட்டுன்னு ஒண்ணு, தாள்ல கொழுப்புன்னு ஒண்ணு, டொக்டர் வாயில கொலஸ்ட்ரோல்னு ஒண்ணு, மூணையும் கோத்து சொல்ல ஆளில்ல. ஆனா பால்மாவுக்கு "ஆடை நீக்கிய"ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு பாருங்க, பால் காய்ச்சுன எந்த வீட்டுலயும் ஆடை தெரியும், அத எடுக்கவும் தெரியும். அந்த ஆளுக்கு சமையல் தெரிஞ்சிருக்கு. "உட்கொள்ளவும்"னு எழுதுறவருக்கு தெரியல, அது மாத்திரைக்கு சொல்றது, சோத்துக்கு சாப்பிடுங்கன்னே எழுதலாம்.

அடுத்த கட்டு அச்சடிக்க முன்னாடி, கிளினிக் பெஞ்சுல இருக்குற ஒரு அம்மாகிட்ட அந்த வரிய வாசிச்சு காட்டி, இன்னைக்கு என்ன சமைப்பீங்கன்னு கேளுங்க. சம்பலுக்கு தேங்காய ஒரு கரண்டியோட நிப்பாட்டுவேன், பொரியல வேக வச்சுக்குவேன்னு சொன்னாங்கன்னா அச்சடிங்க. ஒண்ணுமே சேக்க மாட்டேன்னாலோ, முட்டைய மட்டும் விடுவேன்னாலோ திருப்பி எழுதுங்க.