பத்தரிடம் நகை செய்யக் கொடுத்தால் ஹால்மார்க் கிடைக்குமா?

கடையில் புது நகை வாங்குபவருக்கு, தங்கத்தின் தரத்தைச் சோதித்துக் குத்தும் ஹால்மார்க் முத்திரை பற்றி அதிகக் குழப்பம் இல்லை. முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டினால் போதும். வீட்டில் கிடக்கும் பழைய வளையல்களை உருக்கி, குன்னூரிலோ கோத்தகிரியிலோ தெரிந்த பத்தரிடம் மகளுக்கு ஒரு அட்டிகை செய்யக் கொடுப்பவருக்குத்தான் சந்தேகம். அந்த நகைக்கு முத்திரை கட்டாயமா? பெரும்பாலும் கட்டாயமில்லை. ஆனால் முன்கூட்டியே பேசி வைத்தால் போட்டு வாங்க வழி இருக்கிறது.

கட்டாய ஹால்மார்க் 2021 ஜூனில் முதல் கட்டமாக 256 மாவட்டங்களில் வந்தது. அப்புறம் கட்டம் கட்டமாக மாவட்டங்களைச் சேர்த்து வருகிறார்கள். பட்டியல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) இணையதளத்தில் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் முத்திரை, 22கே916 (22 கேரட், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம்) போன்ற தரக் குறி, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியான ஹெச்யுஐடி. ‘கேடிஎம்’ என்று பொறித்திருப்பது இதில் சேராது. அது காட்மியம் கலந்து பற்றவைத்த காலத்துப் பெயர், தரச் சான்று அல்ல.

ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் வியாபாரிக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. கூலிக்கு நகை செய்யும் பத்தர்கள் பலர் இந்த வரம்புக்குள்தான் வருவார்கள். 2 கிராமுக்குக் குறைவான நகைக்கும் விலக்கு உண்டு. மூக்குத்தி, குழந்தைக் கம்மல், சின்னப் பொட்டு எல்லாம் இதில் அடங்கும். ஆகவே பத்தர் முத்திரை இல்லாமல் நகை கொடுத்தால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை.

முத்திரை வேண்டும் என்றால், தங்கத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நகையை நாமே ஹால்மார்க் மையத்துக்குக் கொண்டுபோய்க் குத்தி வாங்க முடியாது. பிஐஎஸ் பதிவு பெற்ற நகை வியாபாரி வழியாகத்தான் போக வேண்டும். பத்தரே பதிவு செய்திருக்கலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை, புதுப்பிக்கவும் தேவையில்லை. இல்லையென்றால் அவருக்குப் பழக்கமான கடை மூலம் அனுப்பலாம். நீலகிரியிலிருந்து கோவைக்கு அனுப்புவது சுலபம், அங்கே மையங்கள் நிறைய. ஒரு நகைக்குக் கட்டணம் 45 ரூபாயும் ஜிஎஸ்டியும். ஒரு தடவை அனுப்பும் சரக்குக்குக் குறைந்தபட்சம் 200 ரூபாய். ‘ஹால்மார்க் செலவு’ என்று ஆயிரக்கணக்கில் யாராவது கேட்டால், எதற்கு என்று தாராளமாகக் கேட்கலாம். செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் இந்த விதி எந்த வரம்பும் வைக்கவில்லை. அது நீங்களும் பத்தரும் பேசி முடிப்பது.

பழைய தங்கத்தில்தான் சண்டை அதிகம் வரும். ‘அம்மா போட்டது, சுத்தமான 22 கேரட்’ என்று நாம் நம்பிக் கொடுப்போம். உருக்கிய பிறகு தரம் குறைவு என்பார் பத்தர். இருவருமே பொய் சொல்லாமலும் இருக்கலாம். பழைய நகையில் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடங்கள் அதிகம், பொடியில் தங்கம் குறைவு. மொத்தமாக உருகும்போது தரம் இறங்கிவிடும். உருக்குவதற்கு முன் மையத்தில் சோதித்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இதை நாமே நேரில் செய்யலாம்: நான்கு நகை வரை 200 ரூபாய், அதற்கு மேல் நகைக்கு 45 ரூபாய். அறிக்கை எழுத்தில் கிடைக்கும். உருக்கும் முன்னும் பின்னும் எடை பார்த்து, ஒரு சீட்டில் இரண்டையும் எழுதிப் பத்தரின் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நகை கைக்கு வந்ததும் பிஐஎஸ் கேர் செயலியில் ஹெச்யுஐடியைப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்ற வியாபாரி, சோதித்த மையம், தரம், நகையின் வகை எல்லாம் வரும். கையில் அட்டிகை இருக்க, செயலி ‘மோதிரம்’ என்று காட்டினால் வாங்காதீர்கள்.

பில்லில் நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, கேரட்டும் தரமும், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். பல வீடுகளில் பத்தர் மேல் உள்ள மரியாதையில் பில்லே கேட்பதில்லை. பின்னால் தரம் குறைந்தால் இழப்பீடு கேட்க இந்தத் தாள்தான் கைகொடுக்கும். 2018 பிஐஎஸ் விதிகளின்படி, குறைந்த தரத்துக்கான தொகையைப்போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும். உதாரணமாக, 16 கிராம் அட்டிகையில் 916 என்று இருந்து, சோதனையில் 900 வந்தால் குறைவது 0.256 கிராம் தங்கம். கிடைக்க வேண்டியது 0.512 கிராமின் விலை.

புகாரை அதே செயலியிலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.