சுழிப்பிழை: சொல்லும் பொருளும்

பழைய ஹஸ்க்வர்னா 61 செயின்சா (மரம் அறுக்கும் இயந்திரம்) ஒன்றைப் பிரித்து மேசையில் பரப்பியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டரின் போர், அதாவது உள் விட்டம், 48 மி.மீ. பிஸ்டனை மைக்ரோமீட்டரில் (திருகு அளவியில்) பிடித்தால் 47.95 காட்டுகிறது. கழித்தால் இடைவெளி 0.05. பிஸ்டன் நன்றாகத்தான் இருக்கிறது, ரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்று முடிவெடுக்கிறோம். ஆனால் அந்த மைக்ரோமீட்டர் எதைப் பிடித்தாலும் 0.03 கூட்டிக் காட்டுவது. பிஸ்டனின் உண்மையான விட்டம் 47.92 தான். இடைவெளி 0.08, அதாவது நினைத்ததைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். தேய்ந்த பிஸ்டனையே திரும்பப் போட்டு மூடியாயிற்று.

அந்த 0.03-க்குத்தான் சுழிப்பிழை என்று பெயர். பட்டறையில் இதை ‘ஜீரோ எரர்’ என்பார்கள்.

பொருள் எளியது. அளக்கும் முகங்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடும்படி மூடினால் கருவி சுழியைக் காட்ட வேண்டும். வேறு எண்ணைக் காட்டினால் அந்த எண்தான் சுழிப்பிழை. கூட்டிக் காட்டினால் நேர்ச் சுழிப்பிழை, கிடைத்த அளவிலிருந்து கழிக்க வேண்டும். குறைத்துக் காட்டினால் எதிர்ச் சுழிப்பிழை, சேர்க்க வேண்டும். அப்படிச் செய்வது சுழித் திருத்தம். தமிழ்நாட்டுப் பாடநூலில் வெர்னியர் அளவியும் திருகு அளவியும் படித்தவர்களுக்கு மீச்சிற்றளவு (கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு) என்ற சொல்லோடு சேர்ந்தே இதுவும் நினைவிருக்கும். இலங்கைப் பாடநூல்களில் இதே சங்கதி ‘பூச்சிய வழு’.

‘ஜீரோ’ வந்த வழி நீளமானது. வடமொழியின் சூன்யம் அரபியில் ‘ஸிஃப்ர்’ ஆனது. வெறுமை என்று பொருள். 1202-இல் இத்தாலியின் ஃபிபொனாச்சி தன் கணித நூலில் அதை லத்தீன் வடிவில் ‘ஸெஃபிரம்’ என்று எழுதினார். அது இத்தாலியில் சுருங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஜீரோ ஆனது. நம் தாத்தாக்கள் சொன்ன ‘சைபர்’ அதே அரபுச் சொல்லின் இன்னொரு கிளை. ஆக ஜீரோவும் சைபரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், இரண்டுக்கும் அடியில் இருப்பது வெறுமை.

சுழி அப்படிப்பட்ட சொல் அல்ல. அது சுழல்வதிலிருந்து வந்தது. ஆற்றில் நீர்ச்சுழி, தலையில் முடிச்சுழி, காகிதத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி. வெறுமை என்ற எண்ணமே அதில் இல்லை. பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தானே எதையும் எழுதத் தொடங்குகிறோம்? அங்கே சுழி என்பது தொடக்கத்தின் குறி.

இந்த வேறுபாட்டைப் பட்டறையிலேயே பார்க்கலாம். 48 மி.மீ. பிஸ்டனை அளக்க 0–25 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர் உதவாது, 25–50 மி.மீ. அளப்பது வேண்டும். அதன் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று தொடவே தொடாது. 25 மி.மீ. நீளமுள்ள அளவுத் தண்டு ஒன்று கூடவே வரும். அதை நடுவில் பிடித்துத்தான் ஜீரோ பார்க்க வேண்டும். அதாவது இந்தக் கருவியின் ‘ஜீரோ’ உண்மையில் இருபத்தைந்து! வெறுமை என்று பொருள்படும் சொல் இங்கே இடறுகிறது. தொடக்கக் குறி என்று பொருள்படும் சுழி கச்சிதமாகப் பொருந்துகிறது. பூச்சிய வழுவைவிடச் சுழிப்பிழையை நான் விரும்புவதற்கு இதுதான் காரணம். அந்தத் தண்டைத் தொலைத்துவிட்டு, மூடிப் பார்க்க முடியாததால் பிழையே இல்லை என்று நம்பி அளப்பவர்கள் பலர். பழைய மைக்ரோமீட்டரை வாங்கும்போது தண்டு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பிழை என்ற பாதியும் அழகானது. பிழைத்தல் என்றால் குறி தப்புதல். ‘யானை பிழைத்த வேல்’ என்கிறது குறள் (772). யானையைக் குறி வைத்துத் தவறிய வேல். கருவி நம்மை ஏமாற்றவில்லை, குறியிலிருந்து எப்போதும் ஒரே அளவு விலகி நிற்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு விலகல் என்று தெரிந்துவிட்டால் அதே கருவியால் சரியாக அளக்கலாம்.

தவறு வேறு. பிஸ்டனின் தலைப்பக்கம், பாவாடை எனப்படும் கீழ்ப்பகுதியைவிடச் சற்றே சிறுத்திருக்கும். பிஸ்டனில் குறுக்கே செருகிய பிஸ்டன் பின்னுக்குச் (pin) செங்குத்தான திசையில், பாவாடையில் அளப்பதுதான் முறை. தலையில் அளந்துவிட்டு ‘தேய்ந்துவிட்டது’ என்றால் அது அளப்பவரின் தவறு. ஹஸ்க்வர்னாவின் 61, 268, 272 மூன்று மாடல்களுக்கும் பிஸ்டன் ஓட்டம் (மேலும் கீழும் நகரும் தூரம்) 34 மி.மீ. தான், போர் மட்டும் 48, 50, 52 என்று மாறும். நூல் கணக்கில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால், ஒரு நூலே (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) 3 மி.மீ.க்கு மேல் என்பதால், எந்த சிலிண்டர் என்று சொல்லவே முடியாது. இதற்கெல்லாம் சுழித் திருத்தம் மருந்தல்ல.

சுழிப்பிழை கடிப்பது கழித்தலில்தான். 48-இல் 0.03 ஒரு பொருட்டே இல்லை. இடைவெளியான 0.05-இல் 0.03 பாதிக்கும் மேல். போரை ஒரு கருவியிலும் பிஸ்டனை இன்னொன்றிலும் அளந்தால் இரண்டின் பிழைகளும் அந்தச் சின்ன எண்ணுக்குள் வந்து விழும். அதனால் போர் கேஜை (உள் விட்டம் அளக்கும் கருவியை) அதே மைக்ரோமீட்டரில் வைத்து செட் செய்துகொண்டு சிலிண்டருக்குள் விடுவார்கள். மைக்ரோமீட்டரின் பிழை போரிலும் பிஸ்டனிலும் ஒரே மாதிரி ஏறி, கழிக்கும்போது தானே மறைந்துவிடும்.

இன்னொன்று, ஜீரோ தப்பியிருந்தால் உடனே சாவியை எடுத்து ஸ்லீவைத் (அளவுக் கோடு பொறித்த குழலை) திருப்பாதீர்கள். அளக்கும் முகங்களில் காய்ந்த எண்ணெய்ப் படலமே ஒரு மி.மீ.யில் நூறில் இரண்டு மூன்று பங்கு காட்டும். இரண்டு முகங்களையும் வெள்ளைத் தாளால் மெதுவாகத் துடைத்துவிட்டு, தண்டையும் துடைத்து, மறுபடி பாருங்கள். என்னுடைய மைக்ரோமீட்டரில் ஒரு நாள் காலையில் இருந்த 0.02 அப்படித்தான் தாளோடு போனது.