பானெட்டுக்குக் கீழே சூடேறும் காற்று

காரின் திறனைக் கூட்ட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது ஏர் ஃபில்டரில்தான். தொழிற்சாலையில் பொருத்தி வந்த கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு, அலுமினியக் குழாய் ஒன்றின் முனையில் கூம்பு வடிவ ஃபில்டரை மாட்டுகிறார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் காற்றை உறிஞ்சும் ஓசை உரக்கக் கேட்கிறது. வண்டியின் வேகம் கூடிவிட்டது என்ற நம்பிக்கையும் அந்த ஓசையோடு சேர்ந்து வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கூம்பு எஞ்சின் அறைக்குள் மறைப்பு ஏதுமின்றித் திறந்து நின்றால், ரேடியேட்டரைக் கடந்து, எரிந்த வாயுவை வெளியேற்றும் குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உரசி வந்த சூடான காற்றைத்தான் அது உள்ளே இழுக்கும். ஃபில்டரின் தடை குறைந்ததால் கிடைத்த ஆதாயத்தை அந்தச் சூடு எளிதில் தின்றுவிடும். எந்த ஃபில்டர் என்று கேட்பதற்கு முன்பு, அது எந்த இடத்துக் காற்றை இழுக்கிறது என்று கேட்க வேண்டும்.

சூடு ஏன் திறனைக் குறைக்கிறது என்பதற்கு அடிப்படை காற்றின் அடர்த்தியில் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று தேவை. சிலிண்டரின் கொள்ளளவோ மாறாதது. எனவே ஒவ்வோர் உறிஞ்சலிலும் எத்தனை கிராம் காற்று உள்ளே வருகிறது என்பதைக் காற்றின் அடர்த்தியே முடிவு செய்கிறது. கடல்மட்ட அழுத்தத்தில் 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.18 கிலோ, அதே காற்று 60 டிகிரிக்குச் சூடேறினால் 1.06 கிலோவாகக் குறைந்துவிடும். பத்து சதவீதத்துக்குச் சற்று அதிகமான ஆக்சிஜன் இப்படிக் கைநழுவிப் போகிறது. சாதாரண வெப்பநிலைகளில், ஒவ்வொரு மூன்று டிகிரி ஏற்றத்துக்கும் அடர்த்தி ஒரு சதவீதம் குறைகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதைக் கொண்டு திறனும் பத்து சதவீதம் குறையும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியான கணக்கு ஆகாது. எஞ்சின் திறனை வெவ்வேறு வானிலைகளில் அளந்து ஒப்பிடுவதற்கு எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1349 தரநிலை பயன்படுகிறது. அதன் திருத்தச் சூத்திரத்தில் வெப்பநிலை நேரடியாக இடம்பெறாமல் வர்க்கமூலமாகவே இடம்பெறுகிறது. சிலிண்டர் தலையும் உறிஞ்சு வழியின் சுவர்களும் எப்போதும் சூடாக இருப்பதால், குளிர்ந்த காற்று அவற்றைக் கடக்கும்போது அதிக வெப்பத்தையும், ஏற்கெனவே சூடான காற்று குறைந்த வெப்பத்தையும் வாங்கிக்கொள்கிறது என்பது இதற்கு ஒரு முக்கியமான காரணம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு வால்வை அடைவதற்குள் ஓரளவு சுருங்கிவிடுகிறது. அந்தச் சூத்திரத்தின்படி, 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சினின் இழப்பு ஆறு சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

ஆனால் இழப்பு அதோடு நிற்பதில்லை. பிஸ்டன் கலவையை அழுத்தும்போது தொடக்கத்தில் இருந்த வெப்பநிலை வேறுபாடும் பெருகுகிறது; அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்றாக இருக்கும் எஞ்சினில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த சுடர் வந்து சேர்வதற்கு முன்பே, மூலையில் ஒதுங்கியிருக்கும் கலவை தானாகத் தீப்பற்றும் நிலை அப்போது உருவாகிறது. மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு., காற்றின் வெப்பநிலை உயர்வதைக் கண்டதும் அல்லது நாக் சென்சார் அதிர்வை உணர்ந்ததும், தீப்பொறி எழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி எஞ்சினைக் காப்பாற்றுகிறது. அவ்வாறு தள்ளப்படும் ஒவ்வொரு டிகிரியும் முறுக்கு விசையைக் குறைக்கும். டர்போ கார்களில் அடர்த்திக் குறைவைக் காட்டிலும் இந்தப் பின்வாங்கலே பெரிய இழப்பாக முடிவதுண்டு.

இனி, சூடு எந்த வழியாகக் காற்றுக்குள் வருகிறது என்று பார்க்கலாம். உறிஞ்சு குழாய் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்பது பற்றிய விவாதம் இதில் அளவுக்கு மீறிய இடத்தைப் பிடித்திருக்கிறது. ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுகளில் முழுமூச்சாக இயங்கினால், விநாடிக்கு ஏறக்குறைய 100 லிட்டர் காற்றை உறிஞ்சும். 70 மில்லிமீட்டர் விட்டமும் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாயில் அந்தக் காற்று விநாடிக்கு 26 மீட்டர் வேகத்தில் பாய்கிறது; அதாவது, ஒரு விநாடியின் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் குழாயைக் கடந்துவிடுகிறது. இவ்வளவு காற்றை 10 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.2 கிலோவாட் வெப்பம் வேண்டும். குழாயைச் சுற்றியுள்ள காற்று 40 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தாலும், 0.13 சதுர மீட்டர் பரப்பே கொண்ட அந்தச் சுவர் வழியாக உள்ளே நுழையும் வெப்பம் சுமார் நூறு வாட் அளவில்தான் இருக்கும். முழு வேகத்தில் குழாய்ச் சுவரால் காற்று ஒரு டிகிரி சூடாவதே பெரிது.

சிக்னலில் நிற்கும்போது நிலைமை தலைகீழாகிறது. ஐட்லிங்கில் அதே எஞ்சினுக்கு விநாடிக்கு இரண்டு மூன்று கிராம் காற்றே போதும். அது குழாய்க்குள் ஏறத்தாழ ஒரு விநாடி தங்கிச் சுவரின் சூட்டை நிதானமாக வாங்கிக்கொள்கிறது. ரேடியேட்டர் விசிறி வெந்த காற்றை எஞ்சின் அறைக்குள் தள்ளிக்கொண்டே இருக்க, குழாய், ஃபில்டர் பெட்டி, மேனிஃபோல்டு ஆகிய எல்லா உலோகப் பாகங்களும் சூட்டைச் சேமித்து வைக்கின்றன. பச்சை விளக்கு எரிந்ததும் ஓட்டுநர் முழுத்திறனைக் கேட்கும் அந்த முதல் சில விநாடிகளில், சேமித்த சூடு காற்றின் மேல் கொட்டப்படுகிறது. பிளாஸ்டிக் குழாயும் வெப்பத் தடுப்பு உறையும் உதவுவது இந்தத் தருணத்தில்தான். நெடுஞ்சாலை ஓட்டத்தில் அவற்றால் பெரிய பயன் இல்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, ஃபில்டரை எஞ்சின் அறையின் காற்றிலிருந்து பிரித்து வைப்பது. நல்ல அமைப்பில் ஃபில்டர் மூடிய பெட்டிக்குள் இருக்கும். பெட்டியின் மேல் விளிம்பு ரப்பர் பட்டை வழியாகப் பானெட்டின் அடிப்பகுதியோடு பொருந்தும் அல்லது தனி மூடி இருக்கும். காற்று வரும் வழி முன் கிரில்லுக்குப் பின்னாலோ மட்கார்டின் உட்புறத்திலோ திறக்கும். ஒரு பக்கம் மட்டும் தகரத் தடுப்பு வைத்துவிட்டு மறுபக்கத்தைத் திறந்துவிட்ட பெட்டிகள் விற்பனையில் ஏராளம். இடைவெளி இருந்தால் சூடான காற்று அதைச் சுற்றி வந்துவிடும் என்பதால் அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. தொழிற்சாலைப் பெட்டிகள் பெரும்பாலும் இந்த வேலையைச் சரியாகவே செய்கின்றன. அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு, தடை குறைந்த ஃபில்டரை மட்டும் உள்ளே மாற்றுவது பல கார்களுக்குப் போதுமானது.

முன்னால் திறக்கும் வழி, வேகத்தில் காற்றை அழுத்தித் திணிக்கும் என்ற எதிர்பார்ப்பும் பலருக்கு உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. 200 கிலோமீட்டரில்தான் அது இரண்டு சதவீதத்தை நெருங்குகிறது. முன்பக்கத் திறப்பின் உண்மையான பயன் அங்கே கிடைக்கும் குளிர்ந்த காற்றுதான்.

அடுத்தது கதிர்வீச்சு வெப்பம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூடு காற்றைத் தொடாமலேயே குழாயையும் பெட்டியையும் தாக்கும். கதிர்வீச்சு, கெல்வின் அளவிலான வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் பெருகுவதால், 627 டிகிரியில் இருந்த உலோகம் 727 டிகிரிக்கு ஏறினால் அது வீசும் வெப்பம் ஒன்றரை மடங்காகிறது. மெல்லிய பளபளப்பான அலுமினியத் தகடு ஒன்றை, இருபுறமும் காற்று செல்ல இடைவெளி விட்டு நடுவில் நிறுத்தினாலே அதில் பெரும்பகுதி திரும்பிவிடும். மெக்லாரன் எஃப்1 காரின் எஞ்சின் அறையில் ஏறக்குறைய 16 கிராம் தங்கத் தாள் ஒட்டப்பட்டதற்கும், அகச்சிவப்புக் கதிர்களைத் தங்கம் மிக நன்றாகத் திருப்பி அனுப்பும் என்பதே காரணம். எக்ஸாஸ்ட் குழாயைத் துணிப்பட்டையால் சுற்றுவதும் பயன் தரும். ஆனால் அந்தப் பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துச் சாதாரண எஃகுக் குழாயைத் துருப்பிடிக்கச் செய்யக்கூடும் என்பதால், நம் ஊர் மழைக்குச் செராமிக் பூச்சு மேலானது.

டர்போ எஞ்சினில் இன்னொரு சூடு சேர்கிறது. காற்றை அழுத்தினாலே அது சூடேறும். 27 டிகிரிக் காற்றை 70 சதவீதச் செயல்திறன் கொண்ட கம்ப்ரஸர் (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) இரு மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால், அது 121 டிகிரியில் வெளியேறும். அதே கம்ப்ரஸருக்கு 57 டிகிரிக் காற்றைக் கொடுத்தால் 160 டிகிரி வரும்; நுழைவாயிலில் 30 டிகிரியாக இருந்த வேறுபாடு 39 டிகிரியாக வளர்ந்துவிட்டது. அழுத்திய காற்றைக் குளிர்வித்து, 27 டிகிரி வெளிக்காற்றோடு அதற்குள்ள வேறுபாட்டில் முக்கால் பங்கைக் கழிக்கும் இன்டர்கூலர் இருந்தால், முதல் காற்று ஏறத்தாழ 50 டிகிரியிலும் இரண்டாவது 60 டிகிரியிலும் எஞ்சினை அடையும். டர்போ காரில் மோசமான இன்டேக்கின் (காற்று உறிஞ்சும் அமைப்பின்) குறையை இன்டர்கூலர் பெருமளவு மறைத்துவிடுகிறது என்பது இதிலிருந்து விளங்கும். ஆனாலும், கம்ப்ரஸர் அதே நிறையுள்ள காற்றுக்குக் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பது மறைவதில்லை.

சுபாருவின் இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலே கிடையாகப் படுத்திருக்கிறது. பானெட்டின் மேல் உயர்ந்து நிற்கும் அகன்ற வாய் அதற்குக் காற்றை ஊட்டுகிறது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கும் வழி மிகக் குறுகியது என்பதால் மிதித்தவுடன் எஞ்சின் துள்ளுகிறது. கார் நிற்கும்போதோ, அந்த வாய்க்குள் காற்று நுழைவதில்லை. கீழிருந்து எழும் சூடு முழுவதும் இன்டர்கூலரில் ஏறிவிடுகிறது. 2004ஆம் ஆண்டு மாடலில், அமெரிக்காவுக்கான வண்டியிலும்கூட, இன்டர்கூலர் மேல் நீர் தெளிப்பதற்கு ஒரு விசை கொடுத்திருந்தார்கள். மண்பானையில் நீர் குளிரும் அதே நியதிதான் இது: நீர் ஆவியாகும்போது தொட்ட பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 5 கிலோ எடையுள்ள அலுமினிய இன்டர்கூலரை 40 டிகிரி குளிர்விக்க வேண்டுமானால் 180 கிலோஜூல் வெப்பத்தை நீக்க வேண்டும். 75 மில்லிலிட்டர் நீர் முழுவதும் ஆவியானால் அது நடந்துவிடும். தெளிக்கும் நீரில் ஒரு பகுதி காற்றோடு பறந்துவிடுவதால் நடைமுறையில் கூடுதல் நீர் செலவாகும். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன், இன்டர்கூலரை முன் பம்பருக்குப் பின்னாலேயே வைத்ததோடு நீர்த் தெளிப்பையும் சேர்த்துக்கொண்டது.

நீரை வெளியே தெளிக்காமல் காற்றுக்குள்ளேயே செலுத்துவதும் உண்டு. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை டர்போ காற்றில் கலந்து நாக்கிங்கைத் தடுத்தது, பி.எம்.டபிள்யூ. எம்4 ஜி.டி.எஸ். நீரை இன்டேக் மேனிஃபோல்டில் தெளித்து 500 குதிரைத்திறனை எட்டியது.

குழாயை மாற்றும்போது சூட்டைக் காட்டிலும் ஆபத்தான ஒன்று கவனத்திலிருந்து நழுவுவதுண்டு. காற்றின் அளவைக் கணிக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் உள்ள சூடான கம்பி, தன்னைக் கடக்கும் காற்றை மட்டுமே உணர்கிறது. குழாயின் முழு அளவை ஈ.சி.யு. தன் அட்டவணையிலிருந்து ஊகித்துக்கொள்கிறது. 70 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 75 மில்லிமீட்டர் குழாயைப் பொருத்தினால் குறுக்குப் பரப்பு 15 சதவீதம் கூடுகிறது. உண்மையில் வருவதைவிட 13 சதவீதம் குறைவான காற்று வருவதாக ஈ.சி.யு. எண்ணிக்கொண்டு, பெட்ரோலையும் அதற்கேற்பக் குறைக்கிறது. மிதமான ஓட்டத்தில், எரிந்த வாயுவை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைத் திருத்திவிடும். முழுத்திறனில் பல கார்களில் அந்தத் திருத்தம் உடனுக்குடன் நடப்பதில்லை. பெட்ரோல் குறைந்த கலவை மேலும் சூடாகி நாக்கிங்கில் முடியும். சென்சார் குழாயின் விட்டம் மாறினால் ஈ.சி.யு. அட்டவணையையும் மாற்றியே ஆக வேண்டும்.

ஃபில்டரை பம்பருக்கு அடியில் தாழ்வாகக் கொண்டுபோய் வைக்கும் அமைப்புகள் குளிர்ந்த காற்றைத் தருகின்றன என்பது உண்மை. ஆனால் மழைநீர் தேங்கிய சாலையில் அந்த ஃபில்டர் மூழ்கினால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சும். நீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராட் வளையும். ஒரு மணி நேரக் கனமழைக்கே முழங்கால் அளவு நீர் தேங்கும் நகரங்களில், மட்கார்டின் மேற்பகுதியிலிருந்து காற்றை எடுக்கும் அமைப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பார்ப்பது கடினமான வேலை ஆகாது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, ஈ.சி.யு.வின் தகவல்களைத் தரும் ஓ.பி.டி. சாக்கெட்டில் விலை குறைந்த புளூடூத் கருவி ஒன்றைச் செருகினால், இன்டேக் காற்றின் வெப்பநிலை கைப்பேசியில் தெரியும். சீரான நெடுஞ்சாலை ஓட்டத்தில் ஒரு முறையும், பத்து நிமிட நெரிசலுக்குப் பிறகு ஒரு முறையும், அதைத் தொடர்ந்து முழு ஆக்சிலரேட்டரில் ஒரு முறையும் பார்த்து, வெளிக்காற்றோடு உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். நெரிசலில் ஏறிய சூடு எத்தனை விநாடிகளில் இறங்குகிறது என்பதையும் கவனிப்பது அவசியம். எஞ்சினை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கிய உடன் வரும் எண்களை ஒதுக்கிவிடலாம். அப்போது சூடான உறைக்குள் இருக்கும் சென்சார் பெரிதும் தன் சூட்டையே சொல்லிக்கொண்டிருக்கும். சென்சார் எங்கே இருக்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்: மேலே சொன்ன சுபாருவில் அது டர்போவுக்கு முன்னால், ஏர்ஃப்ளோ சென்சாரோடு சேர்ந்து இருக்கிறது, இன்டர்கூலருக்குப் பிறகான சூட்டை அறிய அங்கே தனியாக ஒரு சென்சார் பொருத்த வேண்டும். நெடுஞ்சாலையில் வேறுபாடு ஐந்து முதல் பத்து டிகிரிக்குள் இருந்து, நெரிசலுக்குப் பிறகும் விரைவாக இறங்கினால், அந்தக் காரின் இன்டேக்கில் மேலும் பணம் செலவிடத் தேவையில்லை. டர்போ வண்டியாக இருந்தால் அந்தப் பணத்தை இன்டர்கூலருக்கு ஒதுக்கலாம்.