கரையில் ஓடும், நடு ஏரியில் திணறும்: படகு மோட்டாரின் இழுவை ஏன் விட்டுவிட்டுக் குறைகிறது?

ஏற்காட்டில் பாதி குடித்து மூடிய தண்ணீர் பாட்டில், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அடிவாரம் வந்து சேரும்போது பக்கங்கள் ஒட்டி நசுங்கியிருப்பதை அந்தப் பாதையில் போய்வந்த பலரும் கவனித்திருப்பார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பாட்டிலுக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 845 மில்லிபார். சுமார் 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்திலோ வெளிக்காற்றின் அழுத்தம் 980 மில்லிபார் அளவில் இருக்கும். இடைப்பட்ட இந்த 135 மில்லிபார்தான் பாட்டிலை நசுக்குகிறது. படகின் பின்பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டார் ஒன்றை நடு நீரில் திணற வைப்பதற்கும் இதே அளவு அழுத்த வேறுபாடு போதும்.

இத்தகைய பழுதில் மெக்கானிக்கைக் குழப்புவது, அது கரையில் தலைகாட்டாமல் இருப்பதுதான். மேட்டூர் அணை நீர்த்தேக்கத்தில் பத்து நிமிடம் ஓடியதும் இழுவை இழந்த மோட்டாரைச் சேலத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்து, நீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓட்டிப் பார்த்தால், ஒரு குறையும் இல்லாமல் சீராக ஓடும். டிரம்மில் மோட்டார் பெரும்பாலும் சும்மா சுழல்கிறது. படகைத் தள்ளும் சுமை அதற்கு இல்லை. 25 குதிரைத்திறன் கொண்ட இரு வீச்சு மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 10 லிட்டர் பெட்ரோலை விழுங்கும். சும்மா ஓடும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. பாதி அடைபட்ட குழாய் அந்தச் சிறு தேவைக்குத் தாராளமாகப் போதும். நம் ஊரில் எந்த எஞ்சின் மக்கர் செய்தாலும் முதலில் கழற்றப்படுவது பிளக்கும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும்தான். ஆனால் விட்டுவிட்டு வரும் பழுதில், அது எப்போது வருகிறது, எப்படி வருகிறது, எதனால் விலகுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளாமல் ஸ்பேனரை எடுப்பது வீண் வேலை என்றே நான் கருதுகிறேன்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். படகின் வேகம் குறையும்போது எஞ்சினின் ஒலி உச்சத்துக்கு ஏறுகிறதென்றால் எஞ்சின் நலமாகவே இருக்கிறது. நீரைத் தள்ளிப் படகை நகர்த்தும் விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் தன் பிடியை இழந்து வழுக்குகிறது, அல்லது விசிறி நீருக்குப் பதிலாகக் காற்றைக் கடைகிறது என்று பொருள். வேகத்தோடு ஒலியும் சேர்ந்து தாழ்ந்தால்தான் எஞ்சினுக்குள் தேட வேண்டும். அப்படித் தாழ்வதிலும் இரண்டு வகை உண்டு. விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று அறுபட்டால் பெரும்பாலும் அது மின்சாரத்தின் வேலை. மூச்சு வாங்கிக்கொண்டே மெல்லத் தளர்ந்தால் பெரும்பாலும் பெட்ரோல் போய்ச் சேரவில்லை.

பெட்ரோலின் பாதையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம், ஏனெனில் பழுதுகளில் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. படகினுள் வைக்கப்படும் தனி டாங்கிலிருந்து ரப்பர் குழாய் புறப்படுகிறது. நடுவே, கையால் அழுத்திப் பெட்ரோலை முன்னே தள்ளும் ரப்பர் பல்பு. மோட்டாரை அடைந்ததும் ஒரு சிறு டயாபிரம் பம்ப். எஞ்சினின் அடிப்பெட்டியில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும்போது உண்டாகும் அழுத்தத் துடிப்புகளே அந்த மெல்லிய சவ்வை அசைத்துப் பெட்ரோலை இழுக்கின்றன. பலவீனமான இந்தப் பம்ப்புக்கு முன்னால் உறிஞ்சழுத்தம் 4 அங்குலப் பாதரசத்தைத் தாண்டக்கூடாது என்பது மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் பொதுவான வரம்பு. கணக்கிட்டால் அது 135 மில்லிபார், அதாவது நம் பாட்டிலை நசுக்கிய அதே அளவு.

பெட்ரோல் குறையக் குறையக் காற்றை உள்ளே விடுவதற்காக டாங்க் மூடியின் மேலுள்ள காற்றுத் திருகைத் திறக்க ஒருவர் மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 24 லிட்டர் டாங்கில் பாதி பெட்ரோலும் பாதி காற்றும் இருந்தால், ஒரு லிட்டரை எஞ்சின் குடித்ததும் 12 லிட்டர் இடத்திலிருந்த காற்று 13 லிட்டராக விரிய வேண்டும். அழுத்தம் சுமார் 8 விழுக்காடு குறையும். முழு வேகத்தில் இதற்கு ஆறு நிமிடம் பிடிக்கும். அதே டாங்க் கழுத்துவரை நிரம்பி, 2 லிட்டர் இடமே காற்றுக்கு மிஞ்சியிருந்தால், மூன்று நிமிடத்தில் அரை லிட்டர் குறைந்ததுமே அழுத்தம் 20 விழுக்காடு இறங்கிவிடும். பெட்ரோலின் ஆவி இந்தக் குறைவில் ஒரு பகுதியை ஈடுகட்டும் என்றாலும், டாங்க் நிறைந்திருக்கும் நாளில் மோட்டார் சீக்கிரமாகவும், பாதி காலியான நாளில் தாமதமாகவும் திணறுகிற விசித்திரத்துக்கு விளக்கம் இதுதான். எஞ்சின் நின்றபின் யாராவது மூடியைத் திறந்து ‘பெட்ரோல் இருக்கிறதா’ என்று எட்டிப் பார்ப்பார். காற்று உள்ளே பாயும். மோட்டார் மறுபடி உயிர்பெறும். பழுதும் ‘தானாகவே’ சரியாகிவிடும்.

திணறல் தொடங்கும் அந்தக் கணத்தில், ஒருவர் படகைச் செலுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் ரப்பர் பல்பை அழுத்திப் பார்ப்பதே மிகச் சிறந்த சோதனை. அழுத்தியதும் இழுவை திரும்பினால் குறை பெட்ரோல் வரத்தில் இருப்பது உறுதி. பல்பு தட்டையாக ஒட்டிப்போயிருந்தால் அடைப்பு அதற்கு முன்னால், அதாவது காற்றுத் திருகிலோ டாங்கின் உறிஞ்சுகுழல் வலையிலோ இருக்கிறது. ஒட்டாமல் ஆனால் தொளதொளவென்று இருந்தால் ஏதோ ஓர் இணைப்பின் வழியே குழாய் காற்றையும் சேர்த்து இழுக்கிறது. இந்தக் கசிவு உள்நோக்கியது என்பதால் வெளியே ஒரு சொட்டுப் பெட்ரோலும் தெரியாது. பல்பு கெட்டியாக நின்றும் எஞ்சின் திணறினால் பல்புக்கு அப்பால் தேட வேண்டும். வேறொரு டாங்கையும் குழாயையும் இரவல் வாங்கி மாட்டி ஓட்டிப் பார்த்தால், சந்தேகத்துக்குரிய பாதையில் பாதி ஒரே அடியில் கழிந்துவிடும்.

ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பாதி காலியான டாங்க், பகலில் சூடாகிக் காற்றை வெளிவிட்டு இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளிழுக்கும்போது, நீர் துளித்துளியாக அடியில் சேர்கிறது. பெட்ரோலைவிட நீர் கனமானது. உறிஞ்சுகுழலின் வாயும் அடியில்தான் இருக்கிறது. படகு குலுங்கும்போது மட்டும் அந்த நீர் குழலுக்குள் ஏறும். இன்று நாம் வாங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் சிறிதளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். வரம்பு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் படியும். பழைய பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் இரண்டு அடுக்குகளையும் பிரிக்கும் கோடு கண்ணுக்கே தெரியும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை எதிரி வெப்பம். தீப்பொறிக்கான பல்லாயிரம் வோல்ட்டை உண்டாக்கும் காயிலின் உள்ளே ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி இருக்கிறது. அதன் காப்புப் பூச்சிலோ இணைப்பிலோ மயிரிழை விரிசல் இருந்தால், சூடாகி விரியும்போது தொடர்பு கெட்டு, ஆறியதும் மறுபடி கூடிவிடும். ஆறிய காயிலை மீட்டரில் அளந்து ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்வதில் பயனில்லை; சூடு தணியுமுன் அளக்க வேண்டும்.

உயரத்தின் விளைவை இந்தப் பழுதுகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மேட்டூர் நீர்மட்டத்தைவிட ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 12 விழுக்காடு குறைவு; இழுவையும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். அந்தக் குறைவு காலையிலும் மாலையிலும் மாறாமல் நிற்கும், விட்டுவிட்டு வராது. கார்புரேட்டர் மோட்டாருக்குச் சிறிய ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் துளை) போட்டு இதை ஓரளவு சீர்செய்யலாம். ஆனால் அதே ஜெட்டோடு மோட்டாரைக் கீழே இறக்கி மேட்டூரில் முழு வேகத்தில் ஓட்டினால், அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் அளவுமீறிச் சூடாகிப் பொசுங்கிவிடும். மலையிறங்கும் முன் பழைய ஜெட்டைத் திரும்ப மாட்டிவிட வேண்டும்.