மனமாற்றமா, மனந்திரும்புதலா?

கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் 'மனமாற்றம்' என்ற சொல்லை நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். பாவத்தை விட்டுக் கடவுளிடம் திரும்புவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், முன்பு அது 'மனந்திரும்புதல்'. பாம்பன் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கோவில் ஒலிபெருக்கியில் அது வந்தபோது டீக்கடையில் நின்றவர், "மதமாற்றமா? மைக்குலயே சொல்றாங்களே!" என்று திகைத்துப் போனார்.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இது மெட்டனோயா. 'நூஸ்' மனம், 'மெட்டா' மாற்றம். அப்படியானால் மனமாற்றம்தானே சரி என்பார்கள். சொல்லைப் பிளந்து பார்த்தால் சரிதான். ஆனால் அதற்கும் முன்னால் பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர்கள் சொன்ன எபிரேயச் சொல் 'ஷூவ்': போன வழியை விட்டுத் திரும்பி வா. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று வாசிக்கிற யோவேல் 2:12இல் அதுதான் இருக்கிறது. 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு அங்கே 'திரும்பி வாருங்கள்' என்று எழுதிவிட்டு, மாற்கு 1:15க்கு வந்ததும் 'மனம் மாறி' என்கிறது. பழைய வேதாகமத்தில் அது 'மனந்திரும்பி'.

மாறுவதற்குத் திசை கிடையாது. படகை விற்க முன்பணம் வாங்கியவர் மறுநாள் மனம் மாறுவார். பெண் தருவதாகச் சொன்ன வீட்டார் மாறுவார்கள். தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் கரையில் காற்று மாறும், வள்ளம் திரும்பும். வாடை போய்க் கச்சான் வர யாரும் கைவைக்க வேண்டியதில்லை. வள்ளமோ ஒருவர் திருப்பினால்தான் திரும்பும், அதுவும் கரையைப் பார்த்து.

பழைய செபப் புத்தகங்களில் 'மனஸ்தாபம்' என்று இருந்தது. இன்று அதற்குப் பங்காளிகள் இருவர் பேசிக்கொள்வதில்லை என்று பொருள். 'பச்சாத்தாபம்' பிறகு வரும் வேதனை. இப்போது வெறும் இரக்கமாகிவிட்டது. தவிர, இரண்டுமே வருத்தத்தோடு நின்றுவிடுகிற சொற்கள். பழைய வேதாகமம் மத்தேயு 27:3இல் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு 'மனஸ்தாபப்பட்டு' என்றுதான் போடுகிறது, அங்கே கிரேக்கச் சொல்லும் வேறு. யூதாஸ் காசைத் திருப்பிக் கொடுத்தான், தான் திரும்பவில்லை. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதார், ஆனால் திரும்பி வந்தார்.

மொழிபெயர்ப்பில் இப்படிப்பட்ட வடமொழிச் சொற்களைக் குறைப்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் மனந்திரும்புதலில் களைவதற்கு என்ன இருந்தது? ஏதாவது ஒன்றை மாற்றினால்தான் மொழிபெயர்ப்பாளருக்கு வேலை செய்த திருப்தி போலிருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பெரும்பாலும் தவக்காலத்தில்தான் வரும். அதற்குப் போகிறவர்களுக்கென்று அச்சடித்த ஒரு துண்டுத்தாளில் 'ஆன்மீகத் தயாரிப்பு' என்று தலைப்பு! ஆயத்தம் என்ற சொல் எங்கே போயிற்று? அதுவும் வடமொழிதான், இருக்கட்டும், பொருளாவது புரிகிறது. கடலுக்குப் போகிறவர் டீசலும் ஐஸும் ஏற்றி, வலையைச் சரிபார்த்து வைப்பது ஆயத்தம். தயாரிப்பு நடப்பது ஐஸ் கம்பெனியில்.