அம்மாவுக்கு எந்த வயதில் நின்றது?

"எங்கம்மாவுக்கு 38லயே பீரியட்ஸ் நின்னுடுச்சு டாக்டர், எனக்கும் அப்படித்தானா?" கல்யாணத்தையோ குழந்தையையோ தள்ளிப்போட்டிருக்கும் பெண்கள் கேட்கும் கேள்வி இது. பதிலுக்கு முன் நாங்கள் திருப்பிக் கேட்பது: தானாக நின்றதா, கர்ப்பப்பையை எடுத்ததால் நின்றதா?

நம் ஊரில் அதிக உதிரப்போக்கு, கட்டி என்று முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட அம்மாக்கள் நிறையப் பேர். சினைப்பைகளை விட்டுவைத்திருந்தால் அவை அதன்பிறகும் வேலை செய்யும். அந்த வயதை வைத்து மகளுக்குக் கணக்குப் போட முடியாது. கீமோ எடுத்தவர்களுக்கும் இதே கதைதான். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தால் கொண்டுவாருங்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்பது அம்மாவுக்கே பல நேரம் தெரியாது.

தானாகவே நின்றிருந்தால் கவனிக்க வேண்டியதுதான். இந்தியாவில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46–47. 40க்கு முன் நின்றால் அது சினைப்பைச் செயலிழப்பு. நிற்கும் வயதில் ஏறக்குறைய பாதி மரபணு சார்ந்தது என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். ஆகவே மகளுக்கு வாய்ப்பு கூடும். அதே 38 என்று தேதி குறிக்க முடியாது.

அப்பா வழியை யாரும் விசாரிப்பதில்லை. எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஒரு சிறு துண்டு 55 முதல் 200 முறை வரை திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பெண்களில் சுமார் 20 சதவீதம் பேருக்குச் சினைப்பை 40க்கு முன்பே ஓய்ந்துவிடும். அப்பாவிடம் இருந்தால் எல்லா மகள்களுக்கும் அது வரும். அப்பாவுக்கு 50க்கு மேல் கைநடுக்கம், நடையில் தள்ளாட்டம். அத்தைக்குச் சீக்கிரமே நின்றது. அத்தை மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைவு. தனித்தனியாகச் சொன்னால் சாதாரணமாகத் தெரியும் இம்மூன்றுக்கும் இந்த மரபணுவே காரணமாக இருக்கலாம்; ஒரே குடும்பத்தில் இருந்தால் எஃப்.எம்.ஆர்.1 ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோன் ரத்தப் பரிசோதனையில் குறைவு என்றதும் பதற வேண்டாம். மீதமுள்ள முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் அது காட்டும். இயற்கையாகக் கரு தங்குமா என்பதை அல்ல. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்தால் இன்னும் குறைத்துக் காட்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு வேறு. நாலைந்து மாதம் தள்ளிப்போன பெண்ணுக்கு வரவழைக்க மாத்திரை கொடுப்பார்கள். உதிரம் வந்துவிடும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். 40க்குள் நான்கு மாதம் வராவிட்டால், முதலில் கர்ப்பமில்லை என உறுதிசெய்துகொண்டு, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். அளவை ரத்தத்தில் பாருங்கள். அந்த அளவு 25க்கு மேல் இருந்து சந்தேகம் நீடித்தால் 4 வாரம் கழித்து இன்னொரு முறை. செயலிழப்பு உறுதியானால், தடை ஏதும் இல்லாதவரை, எலும்புக்காகவும் இதயத்துக்காகவும் ஏறக்குறைய 50 வயது வரை ஹார்மோன் தேவை. அப்போதும் 5–10 சதவீதம் பேருக்குத் தானாகக் கரு தங்குவதுண்டு. குழந்தை வேண்டாம் என்பவர்கள் கருத்தடையை விடக்கூடாது.