கணினியின் தொடக்கத்தை நிறுத்திவைக்கும் நேரச் சேவை

கணினியை இயக்கியதும், தாய்ப்பலகையில் பேட்டரியால் ஓடும் சிறு கடிகாரத்திலிருந்துதான் இயங்குதளம் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அதன் பிழையைத் திருத்த, என்டிபி நெறிமுறையின்படி இணையத்திலுள்ள நேர சர்வர்களிடம் கேட்டறியும் சேவை ஒன்று பின்னணியில் இயங்குகிறது. கண்ணிமைக்கும் பொழுதில் முடிய வேண்டிய இந்தக் கேள்வி பதில், சில கணினிகளில் தொடக்கத்தையே முடக்கிப்போடுகிறது.

பல நேரங்களில் சிக்கல் அதற்கு முந்தைய படியில், சர்வரின் பெயரை டிஎன்எஸ் வழியாக ஐபி முகவரியாக மாற்றும் இடத்தில் இருக்கிறது. லினக்ஸின் இயல்பு அமைப்பில் பெயர் தேடும் நிரல் ஒரு கேள்விக்கு 5 விநாடி காத்திருந்து, இரண்டு முறை முயலும். நெட்வொர்க் தயாராகாமல் டிஎன்எஸ் பதிலளிக்காதபோது, நான்கு நேர சர்வர்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடினாலே 40 விநாடி கழிந்துவிடும். பேட்டரி தீர்ந்து கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: டிஎன்எஸ் பதில்களின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும் கணினிக்கு அந்தக் கையொப்பங்கள் இன்னும் நடப்புக்கு வராதவையாகத் தெரியும், பெயர் கிடைக்காததால் நேரம் திருந்தாது, நேரம் திருந்தாததால் பெயர் கிடைக்காது. இந்தச் சுழலின் கடுமையைக் குறைக்கவே, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் நிரலான சிஸ்டம்டியின் நேரச் சேவை, கடைசியாக அறிந்த நேரத்தை வட்டில் ஒரு கோப்பின் தேதியாகப் பதித்துவைத்து, அடுத்த தொடக்கத்தில் கடிகாரம் அதற்கும் பின்னால் இருந்தால் அந்தத் தேதிக்கு முன்னகர்த்துகிறது, அழகான ஏற்பாடு.

நேரம் சரியாகும்வரை மற்றவற்றைக் காக்கவைக்கும் தனிச் சேவையும் சிஸ்டம்டியில் உண்டு. அதன் இயல்பு அமைப்பில் கால வரம்பே இல்லை என்பதால், இணையமில்லாத இடத்தில் அதை நம்பியிருக்கும் சேவைகள் முடிவின்றி நிற்கும். சரியான நேரமின்றி இயங்கவே முடியாத சேவைகளை மட்டும் அதன் பின்னால் வரிசைப்படுத்தி, அதற்கு ஒரு வரம்பையும் விதிப்பதே முறை. அந்த வரம்பைச் சுவர்க்கடிகார நேரத்தால், அதாவது கணினி காட்டும் தேதி, மணியால் அளந்தால், இடையில் நேரம் திருத்தப்படும்போது கணக்கே குலைந்துவிடும். பின்னோக்கி நகராத மோனோடோனிக் கடிகாரத்தால்தான் அளக்க வேண்டும்.

கணினியை அணைக்கும்போது, சேவைக்கு முதலில் நிறுத்தச் சைகை அனுப்பப்படுகிறது. அது அடங்காவிட்டால், வழக்கமாக 90 விநாடி பொறுத்து வலுக்கட்டாயமாக நிறுத்தப்படுகிறது. நெட்வொர்க் முன்னதாகவே துண்டிக்கப்பட்டு, சேவை பெயர்த்தேடலில் மாட்டிக்கொண்டால் அத்தனை விநாடிகளும் வீண். தொடங்கிய வரிசைக்கு நேர்மாறாகவே சிஸ்டம்டி சேவைகளை நிறுத்துவதால், நேரச் சேவை நெட்வொர்க்குக்குப் பின் தொடங்கும்படி குறித்தால் அதற்கு முன்பே நின்றுவிடும். நிறுத்த வரம்பையும் 10 விநாடியாகக் குறைத்துவிடலாம்.